ஊட்டிக்குத் தந்தி வந்த கதையும் கஞ்சா ஆராய்ச்சியும்: யார் இந்த டாக்டர் ஓஷானெசி?

கோத்தகிரி வரலாறு என்றாலே கன்னேரிமுக்கில் இருக்கும் சல்லிவன் பங்களாதான் பலருக்கும் ஞாபகம் வரும். அதே ஊருக்கு இன்னொரு பெரிய பெயரோடும் தொடர்பு உண்டு. 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி உடம்பு சரியில்லாமல் நீலகிரிக்கு வந்து, ஊட்டியிலும் கோத்தகிரியிலும் மாதக்கணக்கில் தங்கினார். தலைநகரமான கல்கத்தா ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. அவருடைய ஆட்சிக் காலத்தில் போடப்பட்ட இந்தியாவின் முதல் தந்திப் பாதைகளில் ஊட்டிக்கு வந்த பாதையும் ஒன்று.

அந்தத் தந்தி வலையைக் கட்டியவர் ஒரு டாக்டர். பெயர் வில்லியம் புரூக் ஓஷானெசி. தந்தியில் கை வைப்பதற்கு முன்பே அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். கஞ்சாவை நவீன மருத்துவ முறைப்படி ஆராய்ந்து, அதன் பலனையும் ஆபத்தையும் எழுதி வைத்த முன்னோடி அவர். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் மருத்துவக் கஞ்சா விவாதத்தின் வேரைத் தேடிப் போனால் இவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

காலராவில் தொடங்கிய பயணம்

ஓஷானெசி அயர்லாந்தின் லிமெரிக் நகரத்துக்காரர். 1829-ல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1831-ல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம்தான். நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து ரசாயன முறையில் சோதித்தார். ரத்தத்தில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருப்பது தெரிந்தது. அப்படியானால் குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன?

அந்தக் கேள்வியை அவர் எழுதினார். ஸ்காட்லாந்து டாக்டர் தாமஸ் லாட்டா 1832-ல் அதைச் செய்து பார்த்தார், உப்பு நீரை நரம்பு வழியாகவே ஏற்றினார். இன்று ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கும் சலைன் பாட்டிலின் ஆரம்பக் கதை இதுதான்.

கல்கத்தாவில் கஞ்சா

1833-ல் கிழக்கிந்திய கம்பெனி வேலையில் சேர்ந்து ஓஷானெசி கல்கத்தா வந்தார். 1835-ல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார். இங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பாங், கஞ்சா, சரஸ் என்று ஒரே செடியை மக்கள் பல வடிவத்தில் பயன்படுத்துகிறார்கள். உள்ளூர் வைத்தியர்களும் ஹகீம்களும் மருந்தாகவும் கொடுக்கிறார்கள். ஐரோப்பிய டாக்டர்களுக்கோ அதன் மருத்துவக் குணம் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது.

அவர் முதலில் செய்தது, தெரிந்தவர்களிடம் கேட்டது. சம்ஸ்கிருதம் படித்த பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார், 1836-ல் மனித உடலை அறுத்துப் பார்த்து வரலாறு படைத்த மதுசூதன் குப்தா, பாரசீக, அரபு நூல்கள் அறிந்த அறிஞர்கள் எனப் பலரிடம் தகவல் திரட்டினார். பிற்பாடு எழுதிய கட்டுரையில் அவர்கள் பெயரையும் குறிப்பிட்டார்.

அடுத்து விலங்குகள். நாய், பூனை, பன்றி, கழுகு, காகம், மீன் இவற்றுக்கெல்லாம் போதை சீக்கிரம் ஏறியது. குதிரை, மான், ஆடு, மாடு போன்ற புல் தின்னும் பிராணிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான், சின்ன அளவில், மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

பலன் எது, பலன் இல்லாதது எது?

1839-ல் வெளியான அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படக் காரணம், நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்காததுதான்.

மூட்டுவலி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வலி தணிந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு விசித்திரமான நிலை வந்தது. கையை எந்தக் கோணத்தில் தூக்கி வைத்தாலும் அது அப்படியே நின்றது. அவர் பிறகு தெளிந்துவிட்டார், ஆனால் ஓஷானெசி அதை விடாமல் பதிவு செய்தார்.

வெறிநாய்க்கடி நோயாளி ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே நடுங்கிய அந்த மனிதர், மருந்துக்குப் பிறகு கொஞ்சம் உணவையும் பழச்சாறையும் விழுங்கினார், துடிப்பு குறைந்து இறந்தார். நோய் தீராது, வேதனை தணியும் என்று ஓஷானெசி நேர்மையாகவே எழுதினார். டெட்டனஸ் வந்தவர்களின் தசை இறுக்கம் தளர்ந்தது, சிலர் பிழைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு பச்சைக் குழந்தையின் கதை. பிறந்து சுமார் 40 நாளே ஆன பெண் குழந்தைக்கு ஓயாமல் வலிப்பு. அன்றைக்கு இருந்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கஞ்சா டிங்க்சரைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது, திரும்பி வந்தது, அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. முடிவில் குழந்தை தேறியது.

இவ்வளவு சொன்னவர் எச்சரிக்கையும் கொடுத்தார். கவனமில்லாமல் தொடர்ந்து எடுத்தால் மனம் பேதலிக்கும் நிலை வரும், அளவை மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும் என்றார்.

1840-களின் தொடக்கத்தில் விடுப்பில் லண்டன் போனபோது இந்தியக் கஞ்சாவையும் கூடவே எடுத்துப் போனார். அங்கே மருந்து தயாரிப்பாளர் பீட்டர் ஸ்கொயர் அதிலிருந்து சாறு எடுத்து மருந்தாக்கினார். அதன்பின் பல பத்தாண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சா மருந்துக்கடையில் கிடைத்தது. 1843-ல் ஓஷானெசி ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

டாக்டர் தந்தி அதிகாரி ஆனது எப்படி?

கஞ்சா கட்டுரை வந்த அதே 1839-ல் அவர் கல்கத்தா பக்கம் கம்பி கட்டி மின்தந்தியையும் சோதித்திருந்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி வந்த பிறகு நிலைமை மாறியது. 1851-ல் கல்கத்தா - டைமண்ட் ஹார்பர் பாதை திறக்கப்பட்டது. உதவியாளர் சிப் சந்திர நந்தி இதில் முக்கியப் பங்காற்றினார். 1853 நவம்பரில் பெரிய வேலை தொடங்கியது. சுமார் 4,000 மைல் நீளத்துக்கு ஆக்ரா, பெஷாவர், பம்பாய், சென்னை, பெங்களூரு, ஊட்டி என்று கம்பி ஓடியது. 1855-ல் பொதுமக்களும் தந்தி அனுப்ப முடிந்தது. மறு வருஷம் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1857 எழுச்சியை ஒடுக்க ஆங்கிலேயருக்கு இந்தத் தந்தி பெரிதும் கைகொடுத்தது.

1860 வாக்கில் இங்கிலாந்து திரும்பிய ஓஷானெசி, 1861-ல் பெயரை ஓஷானெசி புரூக் என்று மாற்றிக்கொண்டு பொதுவெளியிலிருந்து ஒதுங்கிவிட்டார். 1889 ஜனவரியில் சவுத்ஸீ என்ற கடலோர ஊரில் காலமானார்.

அவருக்குப் பிறகு என்ன ஆச்சு?

அவர் இறந்து நான்கே வருஷத்தில், 1893-ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியால் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணம் உட்பட நாடு முழுக்க 1,193 சாட்சிகளை விசாரித்தது. கஞ்சாவால் பைத்தியம் பிடித்தது என்று மனநல மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்த குறிப்புகள் பலவும் ஆதாரமில்லாத ஊகம் என்று கண்டது. அளவுக்கு மீறினால் கேடு, ஆனால் முழுத் தடை தேவையில்லை, உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்பதுதான் முடிவு.

உலகம் வேறு திசையில் போனது. செடிக்குச் செடி வீரியம் மாறியதால் டாக்டர்களுக்கு அளவு பிடிபடவில்லை. தண்ணீரில் கரையாததால் ஊசியாகவும் போட முடியவில்லை. புது மருந்துகள் வந்தன. 1925 ஜெனீவா ஒப்பந்தம், 1961 ஐ.நா. ஒப்பந்தம் என்று கட்டுப்பாடு இறுகியது. இந்தியாவில் 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது.

ஆய்வும் கூடவே சுருங்கியது. 1964-ல்தான் இஸ்ரேலில் ரஃபேல் மெகூலமும் அவருடைய குழுவினரும் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். 2018-ல் அமெரிக்கா, போதை தராத சி.பி.டி. என்ற கஞ்சாப் பொருளிலிருந்து செய்த மருந்தை ஏற்றது. எதற்காகத் தெரியுமா? குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்புக்காக. கல்கத்தாக் குழந்தைக்குக் கொடுத்ததும் இதுவும் ஒரே மருந்து அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். அதற்குப் பதில் வர கிட்டத்தட்ட 180 வருஷம் ஆகிவிட்டது.

2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான பொருட்கள் பட்டியலிலிருந்து நீக்கியது. 27-க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

இதைப் படித்துவிட்டு யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் கஞ்சா வைத்திருப்பது குற்றம்தான். ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 வருஷம் சிறை. பூவும் பிசினும்தான் சட்டத்தின் பிடியில் வருகின்றன, தனி இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே இருக்கின்றன. மருத்துவ, அறிவியல் தேவைக்கு உரிமம் பெற்று ஆராய்ச்சி செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஓஷானெசி கஞ்சாவைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்து, பிழைத்த குழந்தையையும் பிழைக்காத நோயாளியையும் ஒரே கட்டுரையில் எழுதினார். கஞ்சா வேண்டும், வேண்டாம் என்று இன்று வாதாடுகிற இரண்டு தரப்புமே அந்தக் கட்டுரையை ஒருமுறை முழுசாகப் படிக்கலாம்.