கிரகோரியன் இசைக்கு மெட்டு போட்டது நிஜமாவே கிரகோரிதானா?

கத்தோலிக்க மடங்களில் வாத்தியம் எதுவும் இல்லாமல், எல்லோரும் ஒரே குரலாக லத்தீனில் பாடுவார்களே, அதுதான் கிரகோரியன் இசை. போப் முதலாம் கிரகோரியின் பெயரில் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு மெட்டையாவது அவர் போட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது!

யார் இவர்? சுமார் 540-ல் ரோமில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நகர நிர்வாகத்தின் தலைமைப் பதவியை உதறிவிட்டு, சொந்த வீட்டையே மடமாக்கித் துறவியானார். பிறகு கான்ஸ்டான்டிநோபிளில் போப்பின் தூதர். 590-ல் போப் இரண்டாம் பெலாஜியஸ் கொள்ளைநோயில் இறந்துபோக, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வெளியே லொம்பார்டு படை, ஊருக்குள் பசி. திருச்சபை நிலங்களில் விளைந்ததை ஏழைகளுக்குப் பங்கிட்டார்.

பாட்டு விஷயத்தில் அவர் செய்ததாகப் பதிவில் இருப்பது, ஒரு தடை. குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே சிலரைத் திருத்தொண்டர் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பாடுவதிலேயே மூழ்க, போதனையும் ஏழைகளுக்கான உதவியும் கிடப்பில் கிடந்தன. 595-ல் கிரகோரி கூட்டிய சபை, பூசையில் திருத்தொண்டர்கள் நற்செய்தி வாசித்தால் போதும், பாட்டை அவர்களுக்குக் கீழே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தது. இசைக்கே பெயர் கொடுத்தவருக்கு இப்படியொரு ஃப்ளாஷ்பேக்!

604-ல் அவர் இறந்தார். கதை சூடு பிடிப்பது அதற்கு 150 வருஷம் கழித்துத்தான். 754-ல் போப் இரண்டாம் ஸ்டீபன் பிராங்க் அரசர் பெப்பினைத் தேடிப்போனார். ரோம் வழிபாட்டு முறையைத் தன் நாட்டிலும் கொண்டுவர பெப்பின் முனைந்தார், மகன் சார்லமேன் அதைத் தொடர்ந்தார். பாட்டு வரிகள் பெரும்பாலும் பைபிளின் திருப்பாடல்கள். அவற்றை எழுதி அனுப்பிவிடலாம். மெட்டை எப்படி அனுப்புவது? இசைக் குறிப்பு என்ற ஒன்றே அங்கே அப்போது இல்லை. காதால் கேட்டு மனப்பாடம் செய்ததில் உள்ளூர்ப் பாணியும் கலந்துவிட்டது என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு.

சுமார் 800-ஐ ஒட்டிய பாட்டு ஏடுகளில் வரிகள் மட்டும்தான். அவற்றில் சிலவற்றின் முன்னுரையில்தான் கிரகோரியின் பெயர் வருகிறது. புது முறைக்கு மரியாதை தேட, அதைவிடப் பெரிய பெயர் ஏது? புறா ஒன்று அவர் காதருகே ஓதுவதுபோல ஓவியங்களும் வந்தன.

அவர் வாழ்ந்த ரோமிலேயே 1071-ல் எழுதப்பட்ட, இசைக் குறிப்புள்ள பாட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. வரிகள் பெரும்பாலும் அதேதான், மெட்டுதான் வேற!