சாக்பீஸ் கடலின் கேப்டன்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதனால்தான் நமக்குத் தியரி வகுப்போடு ஒர்க்‌ஷாப்பும் லேபும் வைத்திருக்கிறார்கள். லேத்தில் ஒரு ஜாப்பைக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்? இன்ஸ்ட்ரக்டர் திட்டுவார். இன்னொரு துண்டு இரும்பு கிடைக்கும். மறுபடி செய்யலாம். ஆனால் நடுக்கடலில், நள்ளிரவில், பக்கத்துக் கப்பல் பற்றி எரியும்போது ஓர் அதிகாரி தப்பான உத்தரவு போட்டுவிட்டால்? மறுபடி செய்ய ஆளே இருக்காது! அப்படியானால் அந்த அதிகாரிக்கு ஒர்க்‌ஷாப் எங்கே? இந்தக் கேள்விக்கு ஒரு லினோலியம் தரையையும் சில சாக்பீஸ் துண்டுகளையும் வைத்துக்கொண்டு விடை சொன்னவர்தான் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ்.

1900-ஆம் ஆண்டு பிறந்த ராபர்ட்ஸ், சிறுவயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1930-களின் நடுவில் போர்ட்ஸ்மவுத் நகரிலிருந்த போர்த்தந்திரப் பள்ளியில் பணியாற்றினார். கப்பல்களைக் காய்களாக வைத்துப் போரை விளையாட்டாக நடத்திப் பார்க்கும் முறை அங்கேதான் அவருக்குக் கைவந்தது. பிறகு ஒரு நாசகாரிக் கப்பலின் தலைமையும் கிடைத்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... 1938-ல் காசநோய் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அதற்கு முன் காசம் என்றால் கதை முடிந்த மாதிரிதான். கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் கப்பலேற, இவருக்குக் கரைவேலைதான் வாய்த்தது. அந்த மனுஷர் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

அந்த நேரத்தில் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் உயிர்நாடியே அறுந்துகொண்டிருந்தது. சாப்பாடு, எண்ணெய், ஆயுதம் எல்லாம் கடல் வழியே வரவேண்டிய தீவு அது. சரக்குக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக, வரிசை கட்டி வரும். சுற்றிலும் சில காவல் கப்பல்கள் வரும். அப்படியும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவோடு இரவாகக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு மாயமாய் மறைந்துவிடும். காவல் கப்பல் அதிகாரிகளில் பலர் போருக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்கள். தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1942 ஜனவரியில் ராபர்ட்ஸுக்கு அழைப்பு வந்தது. லிவர்பூல் நகரின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தில், மேல்மாடியில் சில அறைகள் தரப்பட்டன. உதவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த, இருபது வயதை ஒட்டிய பெண்கள். அவர்கள் போர்க்கப்பல் எதிலும் பணியாற்றியவர்கள் அல்ல. ஆனால் கணக்கில் புலிகள்!

சரி, கடலை எப்படி மாடிக்குக் கொண்டுவருவது? தரையில் விரித்த லினோலியத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். பத்து அங்குல இடைவெளி ஒரு கடல் மைல். அதன்மேல் குட்டிக் குட்டி மரக் கப்பல்கள். சுற்றிலும் கான்வாஸ் திரை. திரைக்குப் பின்னால் பயிற்சி அதிகாரிகள் நிற்பார்கள். சின்னத் துவாரம் வழியாகத்தான் தரையைப் பார்க்க முடியும். நிஜக் கடலின் இருட்டில் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் இங்கேயும் தெரியும். ஒவ்வொரு முறைக்கும் கடலில் இரண்டு நிமிடம் என்று கணக்கு. அதற்குள் முடிவெடுத்துச் சீட்டில் உத்தரவு எழுதித் தரவேண்டும். பெண்கள் அதன்படி கப்பலை நகர்த்தி, போன பாதையைச் சாக்பீஸால் வரைவார்கள். காவல் கப்பலுக்கு வெள்ளைக் கோடு, நீர்மூழ்கிக்குப் பச்சைக் கோடு. திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்குப் பழுப்புத் தரையில் அந்தப் பச்சை தெரியவே தெரியாது! ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் உள்ளே அழைப்பார்கள். எதிரி எங்கே நின்றான், நாம் எங்கே ஓடினோம் என்பது தரையிலேயே எழுதியிருக்கும். அங்கே நின்றுதான் பாடம்.

ஆனால் பாடம் நடத்துவதற்கு முன்னால், சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயத்தையே அந்தத் தரைதான் கண்டுபிடித்துத் தந்தது. நீர்மூழ்கி வெளியிலிருந்து தாக்குகிறது என்ற நம்பிக்கையில், காவல் கப்பல்கள் வெளிப்பக்கமாக விரைந்து தேடிக்கொண்டிருந்தன. பழைய தாக்குதல் அறிக்கைகளைத் தரையில் நடத்திப் பார்த்தார் ராபர்ட்ஸ். கணக்கு உதைத்தது. நட்டநடு வரிசையில் இருந்த கப்பல் அடிபட்டிருக்கிறது. டார்ப்பிடோ போகக்கூடிய தூரத்தை அளந்தால், அதை வெளியிலிருந்து விட்டிருக்கவே முடியாது. அப்படின்னா? திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்!

இரவில், கடல் மட்டத்துக்கு மேலேயே மிதந்தபடி, பின்பக்கமாக வரிசைகளுக்குள் நுழைந்திருக்கிறான். மேலே மிதக்கும்போது நீர்மூழ்கியின் வேகம் சுமார் 17 நாட். சரக்குக் கப்பல்களைவிட அதிகம். சுட்டு முடித்ததும் மூழ்கிப் பதுங்கிக்கொள்வான், கூட்டம் தலைக்குமேல் கடந்து போய்விடும். இது புரிந்ததும் பதிலும் பிறந்தது. காவல் கப்பல்கள் கூட்டத்தின் பின்பக்கம் திரும்பி, ஒலியால் தேடும் கருவியோடு முக்கோணப் பாதையில் கடலைச் சல்லடை போட்டுச் சலிக்க வேண்டும். அந்தக் குழுவிலிருந்த ஜீன் லெய்ட்லா என்ற பெண் இதற்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தார். உதட்டைப் பிதுக்கிச் சத்தமிட்டு ஒருவரைக் கேலி செய்வதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கேலி செய்யப்பட்டவர் ஹிட்லர்!

முதலில் அட்மிரல் பெர்சி நோபிளுக்கே இதில் நம்பிக்கையில்லை. தரையில் செய்து காட்டியதும் மனம் மாறினார். அவருக்குப் பின் 1942 நவம்பரில் பொறுப்பேற்ற அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப்போரில் நீர்மூழ்கி நடத்திப் பேர் வாங்கியவர். அவரே இந்தத் தரையில் நீர்மூழ்கித் தலைவராக ஆடினார். எதிரே காவல் கப்பல்களை நடத்தியவர் ஜேனட் ஓகெல் என்ற இளம்பெண். ஐந்து முறை ஆடி ஐந்து முறையும் அட்மிரல் தோற்றார்!

1942 பிப்ரவரியிலிருந்து போர் முடியும்வரை சுமார் 5,000 அதிகாரிகள் இங்கே பயிற்சி பெற்றார்கள். 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்து, வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றைப் பின்வாங்க வைத்தது. ரேடார், நெடுந்தூர விமானம், ரகசியக் குறியீடுகளை உடைத்தவர்கள் என்று இந்த வெற்றிக்குப் பங்காளிகள் பலர். அவற்றோடு இந்த மாடியறைக்கும் ஒரு பங்கு உண்டு. 1945-ல் அந்தப் பிரிவு மூடப்பட்டது. காசம் தின்ற உடம்போடு ராபர்ட்ஸ் 1986 வரை வாழ்ந்தார்.

இன்று வணிகக் கப்பல் அதிகாரிகளுக்குக் கம்ப்யூட்டர் சிமுலேட்டர்கள் வந்துவிட்டன. மாலுமிகளின் பயிற்சிக்கான 1978-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம் 1995-ல் திருத்தப்பட்டபோது, ரேடார் பயிற்சிக்குச் சிமுலேட்டர் கட்டாயமாயிற்று. சுற்றிலும் திரையில் கடல், மூடுபனி, திடீரென்று நின்றுபோகும் என்ஜின், தண்ணீரில் விழுந்த ஆள் என்று எல்லாமே காட்டுவார்கள். முடிந்ததும் உட்காரவைத்து, எங்கே தவறினோம் என்று பேசுவார்கள். லிவர்பூல் மாடியில் சாக்பீஸ் கோட்டைச் சுற்றி நின்று பேசினார்களே, அதே பேச்சுதான்!

நண்பர்களே, தப்பு செய்வதற்கு ஒரு பத்திரமான இடம் வேண்டும். அங்கே செய்த தப்பை ஒளிக்காமல் வெளிச்சத்தில் பார்க்கவும் வேண்டும். ராபர்ட்ஸ் கட்டித் தந்தது அதைத்தான். நம் லேபும் ஒர்க்‌ஷாப்பும் அப்படிப்பட்ட இடங்களே. ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எழுதிவிடாமல், ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் நின்று கேட்போம். நாளைக்கு நம் கையில் இருக்கப்போவது பாய்லரோ, பாலமோ, மின்கம்பியோ... அங்கே மறுபடி செய்ய வாய்ப்பு கிடைக்காது!