புடவையில் புரூச் அணிந்த மகாராணி

வெம்பாக்கத்தில் முகூர்த்த நாளன்று எந்த நெசவாளி வீட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம்.

மணப்பெண்ணுக்குப் பட்டுப் புடவை கட்டி விடுகிறார்கள். ஜரிகை முந்தி கனமானது. தோளில் நிற்காது, வழுக்கி வழுக்கி விழும். பெரியம்மா ஓர் ஊக்கை எடுத்துத் தோளில் குத்துகிறாள். அந்தப் புடவையைத் தறியில் நெய்த தகப்பனாருக்கு மனம் பதறுகிறது. பட்டு கிழிந்துவிடப் போகிறது, மடிப்போடு சேர்த்துக் குத்து என்று வாசலில் இருந்தே சொல்கிறார்.

தோளில் முந்தியை நிறுத்தும் இந்தப் பழக்கத்தை அரண்மனையிலும் சபையிலும் பெருமைப்படுத்திய மகாராணி ஒருவர் உண்டு. அவர் பெயர் சுநீதி தேவி. வங்காளத்தின் வடக்கே இருந்த கூச் பிகார் சமஸ்தானத்தின் மகாராணி. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1962-ல் தேர்தலில் நின்று மக்கள் சபைக்குப் போனவர். அவருடைய பாட்டிதான் இந்தச் சுநீதி தேவி.

புயலைக் கிளப்பிய திருமணம்

சுநீதி தேவி 1864-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கேசவ சந்திர சேன். பிரம்ம சமாஜத்தின் பெரிய தலைவர். சாதி வேற்றுமை கூடாது, பெண்கள் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். மகள் பிறந்த அதே 1864-ல் சென்னைக்கும் வந்து பேசினார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் இங்கே வேத சமாஜம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சிறுமிகளுக்குக் கலியாணம் செய்யக் கூடாது என்பதும் அவருடைய கொள்கை. அவர் பாடுபட்டதால் 1872-ல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நடக்கும் திருமணத்தில் பெண்ணுக்கு 14 வயதும், பையனுக்கு 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும்.

ஆனால் நடந்தது என்ன? 1878-ல் அவர் மகளுக்கே திருமணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 13. மாப்பிள்ளை கூச் பிகாரின் இளம் ராஜா நிருபேந்திர நாராயணன். அவருக்கு வயது 15. ராஜாவுக்குப் படித்த பெண் மனைவியாக வர வேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரிகள் விரும்பிக் கேட்டார்கள். கேசவர் சம்மதித்தார்.

சமாஜத்தில் பெரும் புயல் எழுந்தது. ஊருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று பலர் கேட்டார்கள். அவரை விட்டுப் பிரிந்து, அந்த ஆண்டே தனிச் சமாஜம் அமைத்தார்கள்.

திருமணப் பந்தலிலும் சங்கடம்தான். கேசவர் 1870-ல் சீமைக்குப் போய் வந்தவர். கடல் தாண்டியவர் சாதி இழந்தவர் என்றார்கள் அரண்மனைப் புரோகிதர்கள். பெற்ற தகப்பனாரே மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியவில்லை. அவருடைய தம்பிதான் அதைச் செய்தார்.

இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள் 13 வயதுப் பெண். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அவளைக் காட்டித்தான் ஊர் பேசியது.

வெளியே வர உடை இல்லை

அந்தக் காலத்து வங்காளத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் எப்படி உடுத்தினார்கள் தெரியுமா? மெல்லிய புடவை ஒன்று. பெரும்பாலும் அவ்வளவுதான். உள்பாவாடை கிடையாது. ரவிக்கையும் கிடையாது. வீட்டுக்குள் இருந்தவரை அது போதும். நாலு பேர் முன்னால் வர வேண்டுமானால்? முடியாது. கோஷா முறை பெண்களை உள்ளே அடைத்தது. உடையும் அதற்குத் துணை போயிற்று.

இதற்கு வழி கண்டவர் ஞானதானந்தினி தேவி. மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. கணவர் சத்தியேந்திரநாத், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். கணவரோடு பம்பாய்க்குப் போன அம்மையார், அங்கே பார்ஸிப் பெண்கள் புடவை கட்டும் விதத்தைப் பார்த்தார். அதைச் சற்று மாற்றினார். உள்பாவாடை, ரவிக்கை, முன்னால் கொசுவம், முந்தி இடது தோளில். வலது கை வேலை செய்ய வசதியாக இருக்கும். கல்கத்தா திரும்பியதும், இதைக் கற்க விரும்பும் பெண்களுக்குச் சொல்லித் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்.

பிரம்ம சமாஜத்துப் பெண்கள் இதை ஏற்றார்கள். சுநீதி தேவியும் ஏற்றார். ஏற்றதோடு நிற்கவில்லை. தோளில் முந்தி நழுவாமல் இருக்க அழகான புரூச் ஒன்றைக் குத்திக்கொண்டார். ஸ்பெயின் தேசத்துப் பெண்கள் தலையில் போடும் மெல்லிய முக்காட்டைப் போல, முக்கோணத் துணி ஒன்றைத் தலையில் அணிந்தார்.

புரூச் என்பது அலங்கார ஊசி. முன்பக்கம் கல்லோ பொன்னோ இருக்கும். பின்பக்கம் ஊசியும் கொக்கியும் இருக்கும். கையால் முந்தியைப் பிடித்துக்கொண்டே இருப்பவள் குனிந்து நடப்பாள். முந்தி நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் நிமிர்ந்து நடக்கலாம். இரண்டு கைகளையும் கூப்பி வணங்கலாம்.

விக்டோரியாவின் முன்னால்

1887-ல் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 50 ஆண்டு நிறைந்தது. லண்டனில் பெரிய விழா. கூச் பிகார் ராஜாவும் ராணியும் விருந்தினராகப் போனார்கள். கடல் தாண்டியதற்காகத் தந்தையைத் தள்ளி வைத்தார்களே, அந்தக் கடலை மகளும் தாண்டினார்! அப்போது அவருக்கு 22 வயது.

விழா நாயகி விக்டோரியாவின் உடையைக் கேளுங்கள். கணவர் ஆல்பர்ட் 1861-ல் இறந்தது முதல் அவர் கறுப்பு உடைதான் உடுத்தினார். பொன் விழா நாளில் கூட, மந்திரிகள் வற்புறுத்தியும் கிரீடம் வைக்கவில்லை. வைரம் பதித்த லேஸ் குல்லாயோடுதான் தேவாலயத்துக்குப் போனார்.

அரசியும் உடையால் பேசுவாள் என்பதற்கு இது சான்று. அந்த அரசவையில் சுநீதி தேவியின் உடையும் பேசியது. இந்தியப் பெண் கோஷாவுக்குள்ளேயே இருப்பவள் அல்ல, தன் பண்பாட்டோடு உலகத்தின் முன் வரத் தெரிந்தவள் என்று சொல்லியது.

அந்த ஆண்டே அவருக்குச் சி.ஐ.இ. என்ற பட்டம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 1888-ல் பிறந்த அவருடைய மகனுக்கு விக்டோரியா மகாராணி ஞானத்தாய் ஆனார். பிள்ளைக்கு விக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

நகையை விடப் பெரியது

நகையும் பட்டும் மட்டும் என்றால் சுநீதி தேவியை இன்று நினைக்க வேண்டியதில்லை. 1881-ல், தம் 17-ம் வயதில், கூச் பிகாரில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்படக் காரணமாக இருந்தார். அது அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. 1908-ல் தங்கை சுசாரு தேவியுடன் சேர்ந்து டார்ஜிலிங்கில் மகாராணி பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்.

ஆனால் வாழ்க்கை அவரைச் சும்மா விடவில்லை. கேசவர் 1884-லேயே, 45 வயதில் காலமாகியிருந்தார். 1911-ல் கணவர் இங்கிலாந்தில் இறந்தார். 1913-ல் மூத்த மகன் போனார். 1920-ல் இன்னொரு மகன். 1922-ல் மற்றொரு மகன். ஒன்பதே ஆண்டில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அவர்.

நடுவில், 1921-ல், தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி லண்டனில் வெளியிட்டார். அவ்வளவு நாளும் அவரைப் பற்றி ஊர்தான் பேசியது. இப்போது அவரே பேசினார். 1932-ல் ராஞ்சியில் காலமானார்.

புரூச் வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் ஊக்கு எல்லா வீட்டிலும் உண்டு. 1849-ல் வால்டர் ஹன்ட் என்ற அமெரிக்கர் அதற்கு உரிமை பெற்று, 400 டாலருக்கு விற்றுவிட்டார். ராணியின் தோளில் வைரம் செய்த வேலையை, நம் வீட்டுப் பெண்ணின் தோளில் சில பைசா ஊக்கு செய்கிறது.

வெம்பாக்கத்துத் தகப்பனார் சொன்னதும் சரிதான். பட்டில் ஒற்றை மடிப்பில் குத்தினால் இழை அறுந்து ஓட்டை விழும். நாலு மடிப்பாக மடித்து, ரவிக்கையோடு சேர்த்துக் குத்த வேண்டும். பாரம் எல்லா மடிப்பிலும் பரவும், பட்டும் பிழைக்கும்.

பதின்மூன்று வயதில் குடும்பத்தின் பாரம் முழுவதையும் ஒற்றை மடிப்பாகத் தாங்கிய சுநீதி தேவி கிழிந்து போகவில்லை. அடுத்த தலைமுறைப் பெண்களுக்குப் பள்ளிக்கூடக் கதவையும் திறந்து வைத்தார். மணப்பெண்ணின் தோளில் ஊக்குக் குத்தும்போது அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.