எடைக்குக் கணக்கு சொன்ன வானியல் அறிஞர்

கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் எடை பார்க்கிறார். உயரத்தை அளக்கிறார். பிறகு ஒரு கணக்குப் போட்டு, உடம்பு பெருத்துவிட்டதாகச் சொல்கிறார்.

அந்தக் கணக்கைத் தந்தவர் டாக்டர் அல்ல. நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். பெயர் அடால்ப் கெட்லே.

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில் 1796-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி பிறந்தார். 7 வயதில் தந்தையை இழந்தார். இளம் வயதிலேயே கணக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1819-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிரசல்ஸ் நகரில் வான் ஆராய்ச்சிக் கூடம் அமைக்கப் பாடுபட்டார். அதற்காக 1823-ல் பாரீஸ் சென்று பயிற்சி பெற்றார். நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் கொஞ்சம் முன்பின்னாக வரும். சராசரி எடுத்தால் உண்மைக்கு அருகில் நிற்கும். மனிதனையும் இப்படி அளந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

உயரங்களையும் எடைகளையும் திரட்டினார். 1835-ல் புத்தகம் வெளியிட்டார். வளர்ந்தவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று காட்டினார். அதாவது, கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவருக்கு விடை 22.

பட்டாளத்துக்கு டிமிக்கி

பிரெஞ்சு ராணுவத்துக்கு ஆள் எடுத்த ஒரு லட்சம் பேரின் உயரப் பட்டியலையும் புரட்டினார். குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இருந்தவர்கள் கணக்குக்கு மீறிய கூட்டம். சுமார் 2 ஆயிரம் பேர் குள்ளர்களாக நடித்துத் தப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். ஒருவரையும் நேரில் பார்க்காமலே!

1855-ல் பக்கவாதம் தாக்கியது. ஞாபக சக்தி குறைந்தது. ஆனாலும் எழுதுவதை அவர் விடவில்லை. 1874 பிப்ரவரி 17-ந்தேதி பிரசல்சில் காலமானார்.

தசையா, தொப்பையா?

குண்டானவர்களைக் கண்டுபிடிப்பது கெட்லேயின் நோக்கமே அல்ல. சராசரி மனிதனைத்தான் அவர் தேடினார். 1972-ல் அமெரிக்கரான ஆன்சல் கீஸ், 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்தார். கொழுப்பை மதிப்பிட இந்த வகுத்தல் கணக்கே வசதியானது என்று கூறி, பி.எம்.ஐ. என்று பெயர் சூட்டினார். கெட்லேயின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது.

ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும், நாற்காலியை விட்டு எழாத குமாஸ்தாவுக்கும் ஒரே எண் வரலாம்.

பல நாடுகளில் 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்கிறார்கள். அதே எண்ணில் இந்தியர்கள் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. அதனால் இங்கே 23-லேயே டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். டேப் வைத்து இடுப்பையும் அளக்கிறார்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.