ஏளனத்திற்கு உள்ளான குரலே ஏற்றம் தந்தது

இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு தாலந்தைக் கொடுத்திருக்கிறார். அதை மண்ணில் புதைப்பதும் பெருக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது. பிறர் நகைப்பார்களே என்று அஞ்சி, நம்மிடம் உள்ளதை நாமே மறைத்துக்கொள்வது எத்தனை முறை! அத்தகைய நமக்கு ஆல்பிரட் டெல்லர் என்னும் பாடகரின் வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.

இவர் 1912ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இங்கிலாந்தில் மார்கேட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே ஆலயப் பாடகர் குழுவில் பாடினார். வளரும் பருவத்தில் ஆண்பிள்ளைகளின் குரல் உடைந்து தடித்துவிடும் என்பதை நாம் அறிவோம். டெல்லரின் பேச்சுக் குரலும் மாறிற்று. ஆனால் பாடும்போது மட்டும் பெண்குரல் போன்ற உயர்ந்த சுருதியையே அவர் கைவிடாமல் காத்துவந்தார். பெரும்பாலும் தம் சொந்த முயற்சியாலேயே அதைப் பண்படுத்தினார்.

இவ்வாறு பாடும் ஆணைக் கவுண்டர்டெனர் என்பர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஹென்றி பர்செல் என்ற இசைமேதை இக்குரலுக்கென்று அரிய பாடல்களை இயற்றினார். பிற்காலத்தில் இசையரங்குகளில் இக்குரல் மறைந்துபோயிற்று. இங்கிலாந்தின் பேராலயங்களில்தான் அது பிழைத்திருந்தது. ஆதலால் ஓர் ஆண் இப்படிப் பாடுவதைக் கேட்டுச் சிலர் வியந்தனர், சிலர் நகைத்தனர்.

டெல்லர் பிழைப்புக்காக மரச்சாமான் கடையில் வேலை பார்த்தார். 1940இல் கேண்டர்பரி பேராலயப் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. போரில் ஆயுதம் ஏந்த அவருடைய மனச்சாட்சி இடம் தரவில்லை. எனவே பண்ணையில் உழைத்துக்கொண்டே ஆலயத்தில் பாடினார். அங்கு அவர் பாடக் கேட்ட இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட், பர்செலின் பாடல்களுக்கு உரிய குரல் இதுவே என்று உணர்ந்து, அவரை லண்டனில் மேடையேற்றினார்.

1946 செப்டம்பர் 29ஆம் நாள் பி.பி.சி. வானொலியின் மூன்றாம் அலைவரிசை தொடங்கிய இரவில், பர்செல் 1694இல் மேரி அரசியின் பிறந்தநாளுக்கு இயற்றிய வாழ்த்திசையை டெல்லர் பாடினார். நாடே அக்குரலைக் கேட்டது. மறு ஆண்டு லண்டன் புனித பவுல் பேராலயத்தில் சேர்ந்தார். பின்னர் தம் பெயரால் ஒரு சிறு குழு அமைத்துப் பழங்காலப் பாடல்களை நாடெங்கும் பரப்பினார்.

1960இல் பெஞ்சமின் பிரிட்டன், தம் இசை நாடகம் ஒன்றில் தேவதைகளின் அரசன் வேடத்தை டெல்லரின் குரலுக்கென்றே அமைத்தார். ஆனால் விமர்சகர்கள் அவருடைய நடிப்பில் குறை கண்டனர். மறு ஆண்டு அந்நாடகம் லண்டன் பெரிய அரங்கிற்குச் சென்றபோது அவ்வேடம் வேறொருவருக்குப் போயிற்று. தமக்காகவே எழுதப்பட்டதை இழந்தால் நம் மனம் எவ்வளவு வாடும்! டெல்லரோ பாடுவதை நிறுத்தவில்லை. 1962இல் கென்ட் மாவட்டத்தில் ஸ்டோர் இசைவிழாவைத் தொடங்கினார். 1966இல் அதே நாடகம் பிரிட்டனின் தலைமையில் இசைத்தட்டுக்காகப் பதிவானபோது, தேவதை அரசனாகப் பாடியவர் டெல்லரே!

1979 ஜூலை 16ஆம் நாள் இத்தாலியின் போலோஞா நகரில் அவர் உயிர் நீத்தார். அவருடைய மகன் மார்க்கும் அதே குரலில் பாடிப் புகழ்பெற்றார். இன்று உலகின் பெரிய அரங்குகளிலெல்லாம் கவுண்டர்டெனர்கள் பாடுகின்றனர், எவரும் நகைப்பதில்லை.

தோழியரே! பிறரைப் போல் இல்லையே என்று நாம் வருந்தும் ஒன்றே இறைவன் நமக்கெனத் தந்த தாலந்தாக இருக்கலாம். அதைப் புதைக்காமல் பெருக்குவோம்!