கொடுத்துக் கொடுத்தே கடன்பட்ட சேதுபதி

பாம்பன் பாலத்துல ட்ரெயின் ஊர்ந்து போறப்ப வீடியோ எடுக்காம திரும்பி வந்தவங்க நம்ம காலேஜ்ல இருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் கடல் மேல முதல் ரயில் பாலம் வந்தது 1914ல்தான். அதுக்கு 17 வருஷம் முன்னாடி, 1897 ஜனவரி 26 அன்று, இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தர் பாம்பனில் கரை இறங்கினார். சிகாகோவில் பேசிவிட்டு இந்திய மண்ணில் அவர் கால் வைத்த முதல் இடம் அதுதான். கரையில் காத்திருந்தவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. அப்போ அவருக்கு வயசு 28.

சிகாகோவுக்கு விவேகானந்தரை அனுப்பி வச்சதே இவர்தான்னு ஸ்கூல் பேச்சுப்போட்டியில எல்லாரும் சொல்லுவோம். அது பாதி உண்மை. போகச் சொல்லித் தூண்டியவர்களில் இவர் முக்கியமானவர். ஆனால் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்த அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் இல்லாமல் அந்தக் கப்பல் பயணம் நடந்திருக்காது. இதை எப்பவும் மறந்துடுறோம்.

பாஸ்கர சேதுபதி பிறந்தது 1868 நவம்பர் 3. அஞ்சு வயசு ஆகறதுக்குள்ளயே அப்பா இறந்துட்டார். ஜமீன் நிர்வாகம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கைக்குப் போனது. பையனைச் சென்னையில் வைத்து இங்கிலீஷ் படிப்பு கொடுத்து வளர்த்தார்கள். வரவு செலவு பார்க்கத் தெரிந்த ஒரு நவீன ஜமீன்தாரை உருவாக்கணும் என்பது பிரிட்டிஷ்காரர்களின் பிளான். 1889ல் பொறுப்பு கைக்கு வந்தது. வந்தவர் நவீன ஜமீன்தாராக இருக்கவில்லை, பழைய சேதுபதியாக இருக்கவே ஆசைப்பட்டார்.

சேதுபதி என்றால் சேதுவைக் காக்கிறவர். கோயிலுக்குக் கொடுப்பது, புலவருக்குக் கொடுப்பது, நவராத்திரியைத் தடபுடலாக நடத்துவது எல்லாம் அந்தப் பட்டத்தோடு வருகிற கடமைகள். மக்கள் ராஜாவை நம்பினதே அதை வச்சுத்தான். ஆனால் 1803லேயே ராமநாதபுரம் ஜமீனாகிவிட்டது. படையும் இல்லை, புதுசாகப் பிடிக்க நாடும் இல்லை. அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் மட்டும் ஃபிக்ஸட். வரவோ கண்மாயை நம்பி இருந்தது. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுபோகும், வசூலும் படுத்துவிடும். செலவு ராஜாவுடையது, வருமானம் ஜமீன்தாருடையது. இந்த இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்பினார்.

அந்தக் கொடையைச் சும்மா வீண்செலவுன்னு ஒதுக்கவும் மனசு வரல. ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர், ஏழைக்குச் செய்வதுதான் உண்மையான பூஜை என்ற பொருளில் பேசினார். ராஜா அப்போதே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது அதற்கும் துணை நின்றார். கொடுத்த கைதான். ஆனால் அதில் பெரும்பகுதி அடுத்தவர் பணம். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கடன்காரர்கள் நெருக்க, ஜமீனை மகனுக்காக டிரஸ்ட்டில் வைத்துத் தன் கையிலிருந்த நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தார். ஒரு ராஜாவுக்கு இது எவ்வளவு பெரிய தலைகுனிவுன்னு யோசிச்சுப் பாருங்க. பழியைத் திவான் மேலயோ மழை மேலயோ போட்டுட்டு இன்னொரு கடன் வாங்கியிருக்கலாம். எனக்கு அவர் வாழ்க்கையில் பாம்பன் வரவேற்பைவிடப் பெரிய விஷயமாக இதுதான் படுது.

ஆனால் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கு. 1897 மே மாதம், பாம்பன் வரவேற்பு முடிந்து நாலு மாசம்கூட ஆகவில்லை, கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து பூஜை செய்தார்கள். பரம்பரை தர்மகர்த்தா என்ற முறையில் சேதுபதி வழக்குப் போட்டார். 1899ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நடுவில் சமரசமாகப் போகவும் பார்த்தார். அவர் பக்கத்து ஆட்களே எதிர்க்க, அது நிலைக்கவில்லை. கழுத்தளவு கடனில் இருக்கிற ஒருத்தர் சமரசம் பேசினால், பணத்துக்காகத்தான்னு ஊர் சொல்லத்தானே செய்யும்? மரபைக் காப்பதாக நினைத்து, சாதியைக் காரணம் காட்டி மனிதர்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார். அது தவறு. அந்தக் காலம் அப்படித்தான்னு தள்ளிவிடவும் முடியாது. ஏழைகளுக்குச் செய்வதே பூஜை என்ற பேச்சை அதே வருஷம் முன்வரிசையில் இருந்து கேட்டவர் அவர்.

1903 டிசம்பர் 27 அன்று, 35 வயதில் இறந்துபோனார். வழக்கு நிற்கவில்லை. மகன் பெயரில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் கதவுகள் எல்லாருக்கும் சட்டப்படி திறக்க 1939லும் 1947லும் சென்னை மாகாணம் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது.