தோற்ற வழக்கில் உடைந்த பூட்டு

ஜெயிலில் ஒரு கைதி. வார்டர் அடித்துவிட்டான். கைதி யாரிடம் சொல்வான்? அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம், முதலில் ஜெயில் அதிகாரிகளிடமே முறையிடு என்கிறது. அந்தப் படிகளையெல்லாம் ஏறி முடித்த பிறகுதான் கூட்டாட்சிக் கோர்ட்டை நாடலாம். கெடு தவறினால் வழக்கும் போயிற்று. அடித்தவன் வீட்டிலேயே போய் அடியைப் பற்றிப் புகார் சொல் என்பது என்ன நீதி?

நம் நாட்டிலும் கைதியின் வாய்க்குப் பூட்டுப் போடும் சட்டம் ஒன்று வந்தது தோழர்களே! அந்தப் பூட்டை உடைத்த வழக்கு ஏ.கே. கோபாலனுடையது.

கண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் அவர். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1931-ல் குருவாயூர் கோயில் நுழைவுப் போரில் தொண்டர் படைத் தலைவர். 1936-ல் பட்டினிப் பட்டாளத்தை மலபாரிலிருந்து சென்னைப் பட்டணம் வரை நடத்தி வந்தவர். 1941-ல் வேலூர் ஜெயிலிலிருந்து தப்பியவர். 1947 ஆகஸ்ட் 15-ல் நாடெங்கும் கொடி பறந்தது, அவரோ சிறையில்! வெளியே வந்தார், அந்த டிசம்பரிலேயே மறுபடி சிறை. கோர்ட் தந்த தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் கதவு திறக்கவில்லை. 1950 மார்ச் 1-ந் தேதி, தடுப்புக் காவல் சட்டப்படி புதிய உத்தரவு ஒன்று கைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் சூழ்ச்சியைப் பாருங்கள். காவலில் வைத்த காரணத்தைக் கைதிக்குச் சொல்வார்கள். அவன் சர்க்காரிடம் முறையிடலாம். ஆனால் அந்தக் காரணத்தையும் முறையீட்டையும் கோர்ட்டில் காட்டக் கூடாது, காட்டினால் குற்றம்! இது 14-வது பிரிவு. வைத்தவனிடமே முறையிடு, நீதிபதியிடம் வாய் திறக்காதே என்பதே இதன் பொருள்.

கோபாலன் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுச் செய்தார். எம்.கே. நம்பியார் வாதாடினார். 1950 மே 19-ல் தீர்ப்பு. பெரும்பான்மை நீதிபதிகள் காவல் செல்லும் என்றனர். பஸல் அலி மாறுபட்டார். வழக்குத் தோற்றது. ஆனால் 14-வது பிரிவு செல்லாது என்று கோர்ட் தள்ளியது. மனிதர் உள்ளே இருந்தார். பூட்டு உடைந்து விழுந்தது!

1952-ல் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். 1977 மார்ச் 22-ல், நெருக்கடி நிலை நீங்கிய மறுநாள், அவர் மறைந்தார். பத்தே மாதத்தில், 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் பழைய தீர்ப்பின் பாதையைக் கைவிட்டது. உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில், திகார் கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. சக கைதியை வார்டர் வதைத்ததைச் சொன்ன கடிதம் அது. சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கவும், நீதிபதிகள் சென்று பார்க்கவும் அத்தீர்ப்பு வழி செய்தது.

அம்பத்தூர், ஆவடித் தொழிலாளிக்குப் புழல் சிறை தூரமில்லை. 2006 முதல் சென்னையின் மத்திய சிறை அங்கேதான். வேலைநிறுத்தத்தில் நாளை நம்மில் ஒருவன் அதற்குள் போகலாம். அங்கே புகார்ப் பெட்டி இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டி கோர்ட்டுக் கதவுக்குப் பூட்டாகக் கூடாது. கோபாலன் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே!